படுத்தால் கூடும் தலைவலி

சிசேரியன் முடிந்த இரண்டாம் நாள் எனக்குத் தலைவலி வந்தது. உட்கார்ந்தால் பின்னந்தலையில் தொடங்கிக் கழுத்துவரை இழுத்துப் பிடிக்கும். படுத்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடும். முதுகில் போட்ட மயக்க ஊசியால் வருவது இது, ஊசி போன துளை வழியாகத் தண்டுவட நீர் கொஞ்சம் கசிந்தால் இப்படி ஆகும், சில நாளில் சரியாகிவிடும் என்றார்கள். சொன்னது சரிதான். ஐந்தாம் நாள் வலி பாதிக்குமேல் குறைந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டேன்.

எட்டாம் நாள் விடியற்காலையில் மறுபடியும் தலைவலி. கண் விழித்ததே வலியில்தான். பக்கத்தில் படுத்திருந்த அக்காவிடம், "அதே தலைவலி திரும்ப வந்துடுச்சுக்கா" என்றேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். பிறகு மருத்துவமனையிலும் அதையே சொன்னேன்.

அந்த "அதே" என்ற சொல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அது அதே தலைவலி இல்லை. முதல் வலி படுத்தால் போனது; இரண்டாவது படுத்தால் கூடியது. இருமினாலும் குனிந்தாலும் மண்டைக்குள் எதையோ அடைத்து அழுத்துவது போல இருந்தது. விடியற்காலையில் மிக மோசம், எழுந்து அரை மணி நேரம் ஆனால் கொஞ்சம் தேவலை. ஒன்பதாம் நாள் இரவு படுக்கவே முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பால் கொடுத்தேன். இவ்வளவையும் என் உடம்பு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. யாராவது கேட்டால் மட்டும், "ஊசி போட்ட தலைவலிதான், இன்னும் விடலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

வேறு இரண்டு விஷயங்களும் இருந்தன. தொட்டிலிலிருந்து குழந்தையை எடுக்கக் குனிந்து நிமிரும்போது மூன்று நான்கு நொடி கண் முழுக்க இருட்டிக்கொண்டு வரும், பிறகு தெளிந்துவிடும். ரத்தம் போன உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். இரவில் இடது காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து 'புஸ்... புஸ்...' என்று ஒரு சத்தம். அதை நான் யாரிடமும் சொல்லவே இல்லை, காதுக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம் என்று.

பத்தாம் நாள் வாந்தி வந்ததும் மருத்துவமனைக்குப் போனோம். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பிறகும் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம் என்பதால் அதை முதலில் பார்ப்பது நியாயமானதுதான். இரண்டும் இயல்பாக இருந்தன. பிறகு தலைக்கு ஒரு சி.டி. ஸ்கேன், சாயமருந்து ஏற்றாமல் எடுக்கும் சாதாரண ஸ்கேன். "ஒண்ணும் இல்லம்மா, தூக்கம் இல்லாததால வர்ற ஒற்றைத் தலைவலி" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஸ்கேனே எடுத்துப் பார்த்துவிட்டார்களே என்ற நிம்மதியில் நானும் வந்துவிட்டேன்.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. மூளைக்கு ரத்தத்தைக் கொண்டுவருபவை தமனிகள். அந்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்பவை சிரைகள். பக்கவாதம் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது தமனி அடைப்பு. என் விஷயத்தில் அடைபட்டது வடிகால், அதாவது சிரை. மூளைச் சிரை ரத்த உறைவு என்பார்கள் இதை. மூளையின் சின்னச் சின்னச் சிரைகளெல்லாம் மண்டையோட்டை ஒட்டி ஓடும் பெரிய சிரைக் குழாய்களில் சேர்ந்து, காதுக்குப் பின்புறமாக இறங்கிக் கழுத்துக்கு வருகின்றன. மூளையைச் சுற்றியிருக்கும் நீரும் பெருமளவு உச்சந்தலையில் ஓடும் பெரிய சிரைக்குள்தான் வடிகிறது. அங்கே ரத்தம் உறைந்து கட்டியானால் ரத்தமும் தேங்கும், நீரும் தேங்கும், மண்டைக்குள் அழுத்தம் ஏறும். படுக்கும்போது தலையிலிருந்து ரத்தம் இறங்குவது இன்னும் மெதுவாகும் என்பதால் வலி கூடும். ஏறிய அழுத்தம் கண் நரம்பை நெருக்கும், அதனால்தான் குனிந்து நிமிர்ந்தால் இருட்டுகிறது. குறுகிய இடத்தில் ரத்தம் பீறிட்டு ஓடுவதால் காதுக்குள் சத்தம். நான் தனித்தனியாக நினைத்த மூன்றும் ஒரே அடைப்பின் வேலை.

சாதாரண சி.டி. ஸ்கேனில் இந்தக் கட்டி நேரடியாகத் தெரிவது மூன்றில் ஒருவருக்குத்தான் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. மூளைத் திசு கெடும் முன், வெறும் அழுத்தம் மட்டும் ஏறியிருக்கும் நிலையில், ஸ்கேன் முழுக்க இயல்பாகவே இருக்கலாம். சிரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் சிரைகளுக்கென்றே படம் எடுக்க வேண்டும்: எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்து எடுக்கும் எம்.ஆர்.வி., அல்லது சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. வெனோகிராம். "ஸ்கேன் நார்மல்" என்று யாராவது சொன்னால் இப்போது என் முதல் கேள்வி, எந்த ஸ்கேன் என்பதுதான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தன. கதவு இரண்டு, அக்கா இரண்டு. ஒரு கண்ணை மூடினால் சரியாகத் தெரிந்தது. பயந்துபோன அக்கா என்னைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போனாள். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்ததும் விளக்கை வைத்து ஒரு கண்ணை நெடுநேரம் பார்த்தார். பிறகு மற்றதை. பிறகு மறுபடி முதல் கண்ணை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "தலைவலி இருக்கா?" என்றார். "இருக்குங்க, முதுகுல ஊசி போட்டதால..." என்று நான் தொடங்கியதுமே குறுக்கிட்டார். "அதை விடுங்கம்மா. படுத்தா கூடுதா, குறையுதா?"

அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. "கூடுதுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு உடம்பு சில்லிட்டது. முதல் வாரம் குறைந்ததே!

கண்ணின் உள்ளே நரம்பு நுழையும் இடம் இரண்டு கண்ணிலும் வீங்கியிருக்கிறது, மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் இப்படி ஆகும் என்றார். ஒரு தாளில் நான்கு வரி எழுதினார்: பிரசவமாகி 12 நாள், படுத்தால் கூடும் தலைவலி, இரு கண் நரம்பிலும் வீக்கம், மூளைச் சிரையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று இன்றே எம்.ஆர்.வி. எடுத்துப் பார்க்கவும். அக்காவைப் பார்த்து, "இப்படியே நேரா நரம்பியல் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போயிட்டு வரலாம்னு நினைக்காதீங்க" என்றார். அவர் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அவர் எழுதிய அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவசரப் பிரிவில் காத்திருந்தபோது வலது கைவிரல்களில் ஊசி குத்துவது போல ஏதோ ஓடியது. கட்டைவிரல் தானாகத் துடித்தது. துடிப்பு மணிக்கட்டுக்கு ஏறியது, முழங்கைக்கு ஏறியது. "அக்கா, என் கையைப் பாரு" என்று சொன்னது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு மறுநாள்வரை எனக்கு எதுவும் தெரியாது.

அக்கா சொன்னதைத்தான் சொல்ல முடியும். முகம் வலப்பக்கமாக இழுத்தது, பிறகு உடம்பு முழுக்க வலிப்பு, இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அவள் என்னைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே தன் பையை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். வாயில் எதையும் திணிக்கவில்லை, கையைக் காலைப் பிடித்து அமுக்கவில்லை. எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, எத்தனை நிமிடம் என்று இரண்டையும் மருத்துவரிடம் தெளிவாகச் சொன்னாள். மூளையின் எந்தப் பக்கத்தில் தொந்தரவு என்று ஊகிக்க அது அவர்களுக்கு உதவியது. இந்த நோயில் பத்தில் நான்கு பேருக்கு வலிப்பு வரும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

எம்.ஆர்.வி. படத்தை என் கணவருக்குக் காட்டியிருக்கிறார்கள். ரத்தம் ஓடும் சிரைகள் அதில் வெள்ளையாகத் தெரியும். என் படத்தில் உச்சந்தலையில் முன்னிருந்து பின்னாக ஓடவேண்டிய பெரிய வெள்ளைக் கோடு பாதியில் அறுந்திருந்தது. இடது காதுப்பக்கம் போகும் கிளையும் இல்லை. இடது கிளை பிறவியிலேயே மெலிந்திருப்பவர்கள் நிறைய உண்டு, எனவே கோடு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து அடைப்பு என்று முடிவு செய்துவிட முடியாது. கட்டியையே வேறு வகை எம்.ஆர்.ஐ. படங்களில் பார்த்து உறுதி செய்தோம் என்று அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினாராம். இன்னொன்றும் சொன்னார். இடது மூளையில், வலது கையை இயக்கும் பகுதிக்குப் பக்கத்தில், சின்னதாக ரத்தக்கசிவு.

அடுத்து அவர் சொன்னதில்தான் என் கணவர் ஆடிப்போனார். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் வகை ஊசியை உடனே தொடங்கப்போகிறோம் என்றார். "மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ரத்தத்தை இளக்குற ஊசியா?" என்று இவர் கேட்டிருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டாம் என்று உறவினர்கள் தொலைபேசியில் தடுத்தார்கள். இந்த இடத்தில் தயங்கி நேரத்தை இழக்கும் குடும்பங்கள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மருத்துவர் சொன்ன விளக்கம் இது. வயலில் வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறி வரப்பு உடைகிறது. உடைந்த வரப்பைப் பார்த்துப் பயந்து வடிகாலை அப்படியே விட்டால் இன்னும் பல இடத்தில் உடையும். இந்தக் கசிவு, ரத்தம் வெளியேற வழியில்லாமல் பின்னுக்கு அழுத்தியதால் வந்தது. ஹெபரின் இருக்கும் கட்டியை நேரடியாகக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் நிறுத்துகிறது, உடம்பு தானே அதைக் கரைத்து வழி திறந்துகொள்ள அவகாசம் தருகிறது. ரத்த அழுத்தத்தால் தமனி வெடித்து வரும் மூளைக் கசிவில் இந்த மருந்து ஆபத்து. சிரை அடைப்பால் வந்த கசிவில் இதுதான் மருந்து. இரண்டுக்கும் பெயர் ரத்தக்கசிவு என்றிருப்பதுதான் குழப்பம்.

இது ஒரு மருத்துவரின் துணிச்சல் மட்டும் இல்லை என்பதை நான் வீடு திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜெர்மனியில் நடந்து 1991இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 20 நோயாளிகளில் 10 பேருக்கு ஹெபரின் கொடுத்தார்கள், 10 பேருக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களில் யாரும் இறக்கவில்லை. கொடுக்காதவர்களில் 3 பேர் இறந்தார்கள். வித்தியாசம் அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஹெபரின் பெற்றவர்களில் சிலருக்கு முன்பே மூளையில் கசிவு இருந்தது. 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இன்று உலகம் முழுவதும் உள்ள வழிகாட்டு நெறிகள், கசிவு இருந்தாலும் ஹெபரின் தொடங்கச் சொல்கின்றன. என் கணவர் இதையெல்லாம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவில்லை. வடிகால் என்ற அந்த ஒரு விளக்கத்தை நம்பிப் போட்டார். அந்த மருத்துவர் நேரம் ஒதுக்கிச் சொன்னாரே, அதற்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

கண் விழித்தபோது வலது கை என்னுடையது போல இல்லை. தூக்க முடிந்தது, ஆனால் விரல்கள் சொன்னதைக் கேட்கவில்லை. குழந்தையின் சட்டைக்கு ஒரு பொத்தான் போட முயன்று தோற்றுப்போய் அழுதேன். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தியே வைத்திருந்தார்கள். காலையும் இரவும் வயிற்றுத் தோலில் எனோக்சபரின் என்ற ஹெபரின் வகை ஊசி. மறுபடி வலிப்பு வராமலிருக்க லெவெடிரசிடம் மாத்திரை. கண் நரம்பைக் காப்பாற்ற, மூளை நீர் சுரப்பதைக் குறைக்கும் அசெட்டசோலமைடு. ஹெபரினால் சிலருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிடும் என்பதால் இடையிடையே அதையும் எண்ணிப் பார்த்தார்கள்.

அசெட்டசோலமைடு சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு, இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த மாத்திரையில் விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போலிருக்கும். வலிப்பு அப்படித்தான் தொடங்கியது என்பதால் முதல் தடவை நான் அலறிவிட்டேன். மாத்திரையால் வருவது இரண்டு கையிலும் இரண்டு காலிலும் பரவலாக வரும், துடிப்பு இருக்காது. ஒரே பக்கம் தொடங்கி ஏறினால் உடனே சொல்லுங்கள் என்று செவிலியர் அக்கா சொன்னபிறகுதான் மனம் அடங்கியது.

மருந்தையும் மீறி நிலைமை மோசமாகிறவர்களுக்குத் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் முறை இருக்கிறது. ஆனால் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையாகப் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் அதைச் செய்வதால் கூடுதல் பலன் தெரியவில்லை. எனவே ஆளைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மூளை வீங்கி உயிருக்கு ஆபத்து என்றால் மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறந்து வைக்கும் அறுவை சிகிச்சை உயிரைக் காப்பாற்றும். எனக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

பால் கொடுக்கலாமா என்பதுதான் என் பெரிய கவலை. எனோக்சபரின் பாலில் போய்க் குழந்தையைப் பாதிப்பதில்லை, பிறகு தொடங்கிய, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் அப்படித்தான் என்று உறுதியாகச் சொன்னார்கள். டாபிகாட்ரான், ரிவரோக்சபான் போன்ற புதிய மாத்திரைகளும் இந்த நோய்க்கு இப்போது பயன்படுகின்றன. அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்பது அவற்றின் வசதி. ஆனால் பால் கொடுப்பவர்களுக்கு அவற்றைத் தவிர்க்கிறார்கள். கர்ப்பத்திலோ நிலைமை வேறு: வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், ஊசிதான் வழி. மருந்துச் சீட்டு எழுதும் ஒவ்வொருவரிடமும் "பால் கொடுக்கிறேன்" என்று நானாகவே சொல்லப் பழகிக்கொண்டேன்.

வார்ஃபரினோடு ஆறு மாதம் வாழ்ந்தேன். அது பலன் தர சில நாளாகும், அதுவரை ஊசியும் கூடவே தொடரும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். 2க்குக் கீழே போனால் கட்டி வளரலாம், 3க்கு மேலே போனால் ரத்தம் கசியலாம். ஒரு நோட்டு வைத்து தேதி, அளவு, எத்தனை மில்லிகிராம் என்று எழுதினேன். மாத்திரை இரவு எட்டு மணிக்கு, அலாரம் வைத்து. கீரையைத் தொடவே கூடாது என்று பலர் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. அதனால் ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது. எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு ஐ.என்.ஆர். ஒருமுறை 4.6 வரை ஏறியது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறொருவர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைதான் காரணம். வார்ஃபரின் சாப்பிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்காததைப் பார்த்து ஓடினோம். அன்றிலிருந்து எந்தப் புது மாத்திரை தொடங்கினாலும் மூன்று நான்கு நாள் கழித்து ஒருமுறை ஐ.என்.ஆரைக் கூடுதலாகப் பரிசோதித்துக்கொள்வேன். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் வேண்டாம். தசையில் போடும் ஊசியையும் கேட்டுத் தவிர்த்துவிடுவேன். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மாதவிடாய் மிக அதிகமாகப் போய் ரத்தசோகை வந்தது. வெட்கப்படாமல் உடனே சொல்லியிருந்தால் இரும்புச் சத்து மருந்தை இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருப்பேன்.

ஏன் வந்தது? இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். பிரசவத்தின்போது ரத்தப்போக்கைத் தடுக்க உடம்பு தானாகவே ரத்தத்தை எளிதில் உறையும்படி மாற்றிக்கொள்கிறது; குழந்தை பிறந்து ஆறு வாரம்வரை அந்த ஆபத்து மிகுதி. அறுவை சிகிச்சை, தொற்று, உடம்பில் நீர் வற்றிப்போவது, அரிதாக முதுகில் போடும் ஊசி, இவையும் சேரலாம். "தண்ணி குறைவா குடிச்சேன், அதனாலயா?" என்று குற்ற உணர்ச்சியோடு கேட்டேன். "ஒரு காரணம் மட்டும் இதைச் செய்யாதும்மா" என்றார் மருத்துவர். பிரசவம் அல்லாத நேரத்தில் பெண்களிடம் அதிகம் காணப்படும் காரணம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு வருவதற்கு இவையெல்லாம் காரணம். மாதவிடாயை ஒழுங்குபடுத்தவென்று கொடுக்கும் மாத்திரைகளிலும் அதே ஈஸ்ட்ரோஜன் இருக்கலாம். என் தங்கை முறைப் பெண்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். எனக்கு இனி அவை கூடாது, வாழ்நாள் முழுக்க.

பரம்பரையாக ரத்தம் உறையும் தன்மை இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் போன்ற சோதனைகளைப் பிரசவமான புதிதிலோ வார்ஃபரின் சாப்பிடும்போதோ எடுத்தால் தவறான முடிவு வரும், அதனால் மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்து எடுத்தோம். ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற எதிர்ப்பொருள் இருந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதி. எனக்கு எதுவும் இல்லை. இருந்திருந்தால் மருந்து ஆறு மாதத்தில் நின்றிருக்காது.

வலது கை இரண்டு மாதத்தில் திரும்பியது. முதலில் துணி கிளிப்பை அழுத்துவது, பிறகு பொத்தான், பிறகு பேனா. கண் வீக்கம் முழுதாக வடிய மூன்று மாதம் ஆனது. மாதம் ஒருமுறை பார்வைப் புலச் சோதனையைத் தவறவிடாதீர்கள். எழுத்து நன்றாகத் தெரிந்தாலும் ஓரப் பார்வை சத்தமில்லாமல் போய்விடலாம். கண்ணுக்குத் தெரியாத பாதிப்புகள்தான் நீண்ட நாள் இருந்தன. பேசும்போது தெரிந்த சொல் வாய்க்கு வராது. மதியம் ஆனால் உடம்பு கழற்றிப் போட்டது போலாகும். ஒவ்வொரு சாதாரணத் தலைவலிக்கும் நெஞ்சு படபடக்கும். "பார்க்க நல்லாத்தானே இருக்கே" என்று வருகிறவர்கள் சொல்வார்கள். அப்போதெல்லாம் அக்கா மட்டும் எதுவும் சொல்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டு போவாள்.

ஆறாம் மாதம் எடுத்த எம்.ஆர்.வி.யில் உச்சந்தலைச் சிரை திறந்திருந்தது, இடது கிளை பாதிதான். நான் கலங்கினேன். மற்றப் பக்கச் சிரைகள் வேலையை எடுத்துக்கொண்டன, படத்தைவிட உங்கள் கண்ணும் தலைவலியும்தான் முக்கியம் என்று சொல்லி வார்ஃபரினை நிறுத்தினார்கள். வலிப்பு மாத்திரையைப் பிறகு மெதுவாகக் குறைத்தார்கள்.

2004இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று 624 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் நன்றாகத் தேறினார்கள். மூளைச் சிரையில் மறுபடி கட்டி வந்தது 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு. அதே ஆய்வில், அறிகுறி தொடங்கி நோய் கண்டறியப்பட ஆன காலத்தின் நடுமதிப்பு 7 நாள். எனக்கு 4 நாள் ஆனது. அந்த 7 என்ற எண்ணைப் படித்தபோது, எத்தனை பேர் எத்தனை இடத்தில் "அதே தலைவலிதான்" என்று சொல்லியிருப்பார்களோ என்று தோன்றியது.

எல்லாத் தலைவலிக்கும் எம்.ஆர்.வி. எடுக்கச் சொல்ல மாட்டேன். பிரசவமாகியோ கர்ப்பத்திலோ இருக்கிறீர்கள், அல்லது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அல்லது காதிலோ சைனஸிலோ தொற்று இருந்தது. புதிதாக ஒரு தலைவலி வந்து நாளுக்கு நாள் ஏறுகிறது. படுத்தால், இருமினால், குனிந்தால் கூடுகிறது. இப்படி இருந்தால் காத்திருக்க வேண்டாம். பார்வை மங்குவது, இரட்டையாகத் தெரிவது, வலிப்பு, ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே அவசரப் பிரிவு. மருத்துவரிடம் போகும்முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நாள் தொடங்கியது, படுத்தால் என்ன ஆகிறது, எழுந்தால் என்ன ஆகிறது, முன்பு வந்த தலைவலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம். சாதாரண சி.டி. மட்டும் எடுத்திருந்தால், "சிரைகளைப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். டி-டைமர் என்ற ரத்தச் சோதனை இயல்பாக வந்தாலும் இந்த நோய் இல்லை என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. பிரசவத்துக்குப் பிறகோ அது எப்படியும் ஏறியே இருக்கும். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது சில நிமிட வேலை. என்னைக் கண்டுபிடித்தது அதுதான்.

இப்போது நான் இரண்டாம் முறை கர்ப்பமாக இருக்கிறேன், 22ஆவது வாரம். ஒருமுறை இந்த நோய் வந்ததால் மட்டும் கர்ப்பம் கூடாது என்றில்லை, தடுப்பு ஊசியோடு திட்டமிட்டுப் போகலாம் என்று நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து சொன்னபிறகுதான் முடிவெடுத்தோம். தினமும் ஒரு எனோக்சபரின், தடுப்பு அளவில். குழந்தை பிறந்து ஆறு வாரம்வரை தொடரும். கடைசி ஊசிக்கும் முதுகில் போடும் மயக்க ஊசிக்கும் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் கோப்பின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறோம். இரவு ஒன்பது மணிக்கு ஊசி. அன்று பன்னிரண்டு நாள் குழந்தையாக இருந்த என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவள்தான் பஞ்சு எடுத்துக் கொடுக்கிறாள், நேற்று இடப்பக்கம் போட்டோம், இன்றைக்கு வலப்பக்கம் என்று அவளே சொல்லிவிடுகிறாள்.